பதினோராம் மனையின் கோணல் கோடு

நிலத்தில் இடைவெளி விட்டால் எனக்குப் பொறுக்காது. என் அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மூன்றடிச் சந்துக்காகப் பதினாறு வருடம் முன்சீப் கோர்ட் படியேறியவர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியவர் அந்தச் சந்தைப் பற்றி ஒரு வரி எழுத மறந்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். சந்தில் ஒரு முருங்கை மரம் நின்றது. கேஸ் முடியும்வரை அதில் ஒருவரும் காய் பறிக்கவில்லை. நான் சிவில் இன்ஜினியரிங் படித்து, கல்யாணமாகி, கலிபோர்னியா வந்து ஒரு சர்வே ஆபீசில் சேர்ந்தபோது, என் வரைபடங்களில் ஒரு மனைக்கும் அடுத்த மனைக்கும் நடுவே நூல் நுழைய இடம் இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்போது தொண்ணூறுகளின் பின்பாதி. கலிபோர்னியாவிலேயே டப்ளின் என்ற ஊரில் குடியிருந்தோம். அதுவரை மாடு மேய்ந்துகொண்டிருந்த மஞ்சள் குன்றுகளெல்லாம் வீட்டு மனைகளாகிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கோடு போடுவதுதான் என் பிழைப்பு. கணவருக்கு ஃப்ரீமான்ட்டில் சாஃப்ட்வேர் வேலை. எனக்குத் தனியாக வேலை விசா வந்திருந்தாலும் கிரீன் கார்டு ஃபைல் அவர் பெயரில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஃபைலில் நான் இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி.

ஒரு நாள் என் மேலதிகாரி ஒரு ஃபைலை மேஜையில் வைத்தார். அவர் தொப்பியைக் கழற்றாத, அதிகம் பேசாத அமெரிக்கர். லைசென்ஸ் அவருடையது, வரைவது நான். வடக்கே இரண்டரை மணி நேரப் பயணத்தில் பூர்வகுடியினருக்கென்று ஒதுக்கிய சிறிய நிலப்பகுதி ஒன்று, ரிசர்வேஷன் என்பார்கள். பதினெட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் மனை பிரித்து வரைபடம் தர வேண்டும்.

எதற்கு என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே நிலம் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமில்லை. ஃபெடரல் அரசாங்கம் அதை அந்த இனத்துக்காகத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. யார் எந்த வீட்டில் இருப்பது என்பதை அவர்களுடைய சபை வாய்வார்த்தையாகச் சொல்லும். வீட்டுக்காரர் இறந்தால் வீடு சபைக்குத் திரும்பிவிடும். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது என்பதற்குக்கூடத் தெளிவில்லை. இப்போது சட்டம் மாறியிருந்தது. வீடுகளை அவர்களே நிர்வகிக்கலாம், குடும்பங்களுக்கு ஐம்பது வருடம்வரை குத்தகை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் யாருக்குக் கொடுப்பது, அவர் போனபின் யாருக்கு என்ற விதிகளை அவர்களே கூடி எழுத வேண்டும். அந்த விதிகளோடு இணைக்கத்தான் என் வரைபடம். விதி அவர்கள் பாடு, கோடு என் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

சபையின் தலைவி காலையில் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். பஸ்ஸை நிறுத்திவிட்டு அதே ஜாக்கெட்டோடு, சக்கரம் வைத்த பெட்டி வீடு மாதிரியான ஒரு டிரெய்லருக்குள் போய் உட்கார்ந்தால் அதுதான் ஆபீஸ். அவரும் மற்றவர்களும் என்னிடம் பேசியது இங்கிலீஷில். அது எனக்குள் எப்படிக் கேட்டதோ அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"எல்லா வீட்டுக்கும் போங்க. எல்லாரு கூடவும் ஒரு வாய் காப்பி குடிங்க. அப்பறம் அளங்க," என்றார்.

அளப்பதற்கு எதற்குக் காப்பி என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் போனேன். அப்படித்தான் பதினோராவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கிளினிக்கில் சமையல் வேலை, இரண்டு பெண் குழந்தைகள். மரம் வெட்டும் வேலைக்குப் போன கணவர் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம். அவர் இந்த இனத்தவர், குழந்தைகளும் இந்த இனத்தவர். அவள் இல்லை. வெள்ளரி பறிக்க ஊர் ஊராகப் போன மெக்சிகன் குடும்பத்துப் பெண். சமையலறை மேஜை முழுக்க ஓக் மரத்துக் கொட்டைகளைக் காயப் போட்டிருந்தாள். பின்னால் தோப்பின் ஓரத்தில் நின்ற பெரிய மரத்தைக் காட்டி, மாமியார் பொறுக்கிய மரம் அது, அவருக்குப் பிறகு தான் பொறுக்குவதாகச் சொன்னாள். அங்கே ஒவ்வொரு வீட்டுப் பெண்களுக்கும் பழக்கமாக ஒரு மரம் உண்டு. இடித்து, தண்ணீர் விட்டுக் கசப்பெடுத்து, கஞ்சி காய்ச்சுவார்கள்.

"உங்க மேப்புல என் வீடு வருமா?" என்று கேட்டாள்.

"வீடு இருக்கில்லீங்க, வந்துதானே ஆகணும்."

"யார் பேரு போடுவீங்க?"

அதை நான் போட மாட்டேன், சபை சொல்லும் பெயரைத்தான் எழுதுவேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். குத்தகை வயது வந்த இனத்தவருக்கு மட்டும் என்று விதி வந்தால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குழந்தைகளைப் பெரியப்பா வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு இங்கே இடம் கிடையாது. இதை அவள் மேஜையில் இருந்த கொட்டைகளைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்.

அந்தப் பெரியப்பாவையும் பார்த்தேன். மழையில் சேற்றில் சிக்கிய எங்கள் வேனைத் தன் லாரியில் கயிறு கட்டி இழுத்துவிட்டவர் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் மகள் கைக்குழந்தையோடு அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு ஓட்டை டிரெய்லரில் இருந்தாள். வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பல வருடமாகக் காத்திருந்தாள்.

"பதினொண்ணு என் தம்பி வீடு. என் மகளுக்கு வரணும்," என்றார் நேராக. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு.

எனக்கு வேறொரு வீடு ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. முந்தின வருடம் ஃப்ரீமான்ட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். மனைவியின் விசா அவர் வேலையோடு ஒட்டியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த சில வாரங்களில் அவள் மகனைக் கூட்டிக்கொண்டு பெட்டி கட்டினாள். ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டது நாங்கள்தான்.

ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தை முடித்தேன். வீடுகளுக்கு நடுவில் மூன்று ஏக்கர் ஓக் தோப்பு ஒன்று யார் பெயரிலும் ஒட்டாமல் கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. விட்டுவைத்தால் நாளைக்கு எவனாவது வேலி போடுவான், அதற்கு நாற்பது வருடம் வழக்கு நடக்கும். ஒருவருக்கும் குறைவில்லாமல் தோப்பைப் பதினெட்டாகப் பிரித்து ஒவ்வொரு மனையோடும் சேர்த்துவிட்டேன். தட்டில் வெட்டிய மைசூர்பாகு மாதிரி அவ்வளவு அழகு. மேலதிகாரி கணக்கைச் சரிபார்த்தார், தோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல் நிலம், கண்டிப்பாகச் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

சபைக் கூட்டம் ஒரு சனிக்கிழமை. மேலதிகாரிக்கு உடம்பு சரியில்லை, நான் தனியாகப் போக வேண்டியிருந்தது. எங்கள் மகளைக் கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு, கணவர் தானே டிரைவ் பண்ணி வந்தார்.

"பதினெட்டு வீட்டைப் பிரிக்க ஒரு நாள் பூரா மீட்டிங்கா? அம்மிணி, எங்க கம்பெனியவே அரை மணி நேரத்துல வித்துப்போட்டாங்க," என்றார் வழியில்.

"வந்து பாருங்க. அங்க வந்து வாயத் தொறக்காதீங்க."

"நான் எங்கடி வாயத் தொறக்கறேன்?"

ஜிம் ஹாலில் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். முதலில் சாப்பாடு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து சுவரில் ஒட்டிய என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினோராம் வீட்டுக்காரி வட்டத்தில் இல்லை. அவளுக்கு ஓட்டு கிடையாது, காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு தலைவி என்னைப் பார்த்தார்.

"தோப்பு எங்க?"

நான் எழுந்து பெருமையாக விளக்கினேன். ஒரு அடிகூட வீணாகவில்லை, எல்லோருக்கும் சமமாக வந்திருக்கிறது என்று. வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பெரியப்பா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க அப்பா காலத்துல அரசாங்கம் வந்து இதத்தான் பண்ணுச்சு. ஆளுக்கொரு துண்டு, இனி நீங்க தனித்தனி, சந்தோஷமான்னு கேட்டுச்சு. ஒவ்வொரு துண்டா வெளியாளு கைக்குப் போச்சு. மிச்சம் இருக்கறது இதுதான்."

மூன்றடிச் சந்துக்குப் பதினாறு வருடம் சண்டை போட்ட குடும்பத்திலிருந்து வந்தவள், சண்டை இல்லாமல் பொதுவில் வைத்திருந்த மூன்று ஏக்கரைக் கூறு போட்டுக் கொண்டுவந்திருந்தேன். வெளியே போ என்று சொன்னால் போய்விடலாம் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. வட்டத்தில் இருந்தவர்கள் வரிசையாக ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேச்சை யாரும் இடைமறிக்கவில்லை. பேச விரும்பாதவர் அடுத்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். முழு வட்டமும் முடிந்தபின் தலைவி எழுந்தார்.

"பேப்பர்ல வந்த தப்ப பேப்பர்ல சரி பண்ண முடியாது. வெளிய போலாம். அவங்கவங்க வீடு எதுவரைக்கும்னு நெனக்கறீங்களோ, அங்க போய் நில்லுங்க."

நான் அப்படி ஒரு சர்வேயைப் படித்ததுமில்லை, பார்த்ததுமில்லை. மொத்த ஊரும் வெளியே வந்தது. அவரவர் வீட்டைச் சுற்றிக் குடும்பத்தோடு மூலைக்கு ஒருவராக நின்றார்கள். பக்கத்து வீட்டாரைப் பார்த்துக் கூப்பிட்டார்கள், சிரித்தார்கள், ஒருவர் இரண்டடி பின்னால் போனார், ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். தோப்புக்குள் ஒருவரும் போகவில்லை. வண்டியில் இருந்த மரக்குச்சிகளையும் சுத்தியலையும் எடுத்தேன். நின்றவர்களின் காலடியில் குச்சி அடித்து ரிப்பன் கட்டிவிட்டால் பிறகு வந்து அளந்துகொள்ளலாம். குச்சிக் கட்டைத் தூக்க ஆள் வேண்டும். புது வெள்ளை ஷூ போட்டிருந்த கணவரைப் பார்த்தேன்.

"நானா?" என்றார்.

"பின்ன யாருங்க?"

அரை மணி நேரத்தில் கம்பெனி விற்ற கதை சொன்னவர் சேற்றில் குச்சிக் கட்டைச் சுமந்து பின்னால் வந்தார். வாய் திறக்கவில்லை. பத்து வீடு முடித்தோம். எந்த வீட்டுக்கும் நான் வரைந்த கோடு பொருந்தவில்லை, அதைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை. பார்த்ததை நம்ப முடியாமல் நடந்துகொண்டிருந்தேன்.

பதினோராவது வீட்டின் நான்கு மூலைகளும் காலியாக இருந்தன. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் குழந்தைகள். நிற்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும். நான் சுத்தியலோடு தலைவியைப் பார்த்தேன். அவர் இருங்கள் என்று கையைக் காட்டினார்.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதலில் நகர்ந்தார். தன் மூலையில் அடித்த குச்சியைப் பிடுங்கி, தன் பக்கமாக மூன்றடி உள்ளே நட்டுவிட்டு, அவள் வீட்டு மூலையில் வந்து நின்றார். பிறகு எதிர்வீட்டுக் கணவன் மனைவி தெரு மூலையில். பிறகு இன்னொருவர். சொல்லிவைத்ததுபோல் ஒவ்வொருவராக வந்து அந்த வீட்டைச் சுற்றி நின்றார்கள். தோப்பைப் பார்த்த பின்மூலை ஒன்றுதான் காலி. அதில் யார் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் கைக்குழந்தையோடு மகள்.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை. சிலர் புல்லில் உட்கார்ந்தார்கள். யாரோ காப்பி கொண்டுவந்தார்கள். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன், முக்கால்வாசிப் பேர் அவள் பக்கம்.

"ஓட்டுக்கு விட்டீங்கன்னா இப்பவே முடிஞ்சிரும்," என்று தலைவியின் காதில் சொன்னேன்.

"முடிஞ்சிரும். ஆனா அவரு நாளைக்கும் இந்தத் தெருவுலதான இருக்கணும்? அவளும் இங்கதான இருக்கணும்?" என்றார். "நாங்க உக்காந்திருப்போம். உங்களுக்கு அவசரமா?"

அவசரமில்லை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடத்தில் எனக்கு உலகத்தில் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஜெயிக்க முடிந்தவர்கள் ஜெயிக்காமல் உட்கார்ந்திருப்பதை நான் அன்றுவரை பார்த்ததில்லை. எங்கள் முன்சீப் கோர்ட்டில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மகள் அப்பாவிடம் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்து வந்தார். பின்மூலைக்கு வந்தார். நான் குச்சியை எடுத்துக் குனிந்தேன். அவர் நிற்கவில்லை. மூலையைத் தாண்டிப் போனார். தோப்பின் ஓரத்து ஓக் மரம்வரை போய், அதையும் தாண்டி நான்கடி தள்ளி நின்றார். அது அவருடைய அம்மா கொட்டை பொறுக்கிய மரம், இப்போது தம்பி மனைவி பொறுக்கும் மரம்.

"இங்க அடிங்க."

"கோடு கோணலாப் போகுமுங்களே," என்றேன். என் வாய்க்கு அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

"தெரியும். அடிங்க."

அடித்தேன். முதல் அடி என் விரலில் விழுந்தது. அவர் தம்பி மனைவியைப் பார்க்காமல் ஊரைப் பார்த்து, அடுத்துக் கட்டும் வீடு என் மகளுக்கு என்றார். தலைவி கேட்பதற்கு முன்பே கைகள் உயர்ந்தன. படியில் உட்கார்ந்திருந்தவள் முகத்தை மூத்தவளின் தலைமுடியில் புதைத்துக்கொண்டாள். சின்னவள் என்னிடம் வந்து ஒரு ரிப்பன் கேட்டாள், கொடுத்தேன்.

மிச்சமிருந்த ஏழு வீட்டுக்கும் குச்சி அடித்தபின் மறுபடி ஜிம் ஹாலுக்குப் போய் விதியை எழுதினார்கள். இனத்துக் குழந்தைகளை வளர்க்கும் துணைவர், வெளியிலிருந்து வந்தவரானாலும், தன் ஆயுள்வரை குத்தகையைத் தன் பெயரில் வைத்திருக்கலாம், விற்க முடியாது, அவருக்குப் பின் குழந்தைகளுக்கு. தோப்பு எல்லோருக்கும், என்றைக்கும். எழுதியதை ஒரு முறை வாசித்தார்கள், கை தூக்கினார்கள். பெரியப்பாவின் கையும் மேலே இருந்தது. காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவளை யாரோ தோளைப் பிடித்துக் கூட்டிவந்து வட்டத்தில் உட்கார வைத்தார்கள்.

திரும்பி வரும்போதும் கணவர்தான் ஓட்டினார். ஷூ முழுக்கச் சேறு. ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அம்மிணி, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உனக்காக யாரு வந்து நிப்பாங்க?"

"வாயக் கழுவுங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டப்ளினில் எங்கள் அபார்ட்மென்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. மகளை விட்டுவந்த ஆன்ட்டி ஒருவரைத்தான் தெரியும். மேலே மேலே யோசித்தும் அவர் ஒருவர்தான் தேறினார்.

அடுத்த வாரம் மேலதிகாரியோடு போய்க் குச்சிகளை அளந்தேன். புது வரைபடத்தில் நடுவில் மூன்று ஏக்கர் எவர் பெயரும் இல்லாமல் இருந்தது. இந்த முறை கை அரிக்கவில்லை. பதினோராம் மனையின் பெயர் வரியைக் கடைசியாக எழுதினேன். அவளே சொல்லச் சொல்ல, அவள் சமையலறை மேஜையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். முடித்ததும் அவள் விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு எனக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினாள். உப்பு சப்பில்லாமல் இருந்தது, முழுக்கக் குடித்தேன்.

மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் குத்தகைகளைச் சரிபார்க்கும் ஃபெடரல் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி ஃபோன் பண்ணினார். மரியாதையான குரல். பதினெட்டு மனையும் சரியாக இருக்கிறது, ஆனால் பதினொன்றின் பின்கோடு மட்டும் காரணமில்லாமல் கோணலாக வெளியே போய் ஒரு மரத்தை உள்ளே சேர்த்துக்கொள்கிறது, வரையும்போது கை தவறியிருக்கும், நேராக்கி அனுப்பிவிடுங்கள் என்றார்.

"தவறு இல்லீங்க," என்றேன். "அந்த எடத்துல ஒருத்தர் வந்து நின்னாரு."

அந்தப் பக்கம் வரைபடத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அப்படியானால் கோடு அப்படியே இருக்கட்டும் என்றார்.